முறைநீர்: குண்டடம் நாட்டு நீர்ச் சரித்திரமும் நமது கடமையும்



பல்லடத்தினின்று தாராபுரம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் குண்டடம் என்னும் ஊர் உளது. வடுகநாத சுவாமியின் கோயிலாலும், வாரச் சந்தையாலும் அவ்வூர் நம்மவர்க்கெல்லாம் தெரிந்ததே. அவ்வூரைச் சுற்றியுள்ள நாடு மேட்டு நாடு. ஆனி ஆடியிற் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் மேல்காற்று இங்கே பலமாக வீசும். ஆனால் அக்காற்றுச் சுமந்து வந்த மழையை மலைக்கு அப்பாலே கொட்டிவிட்டு வெறுங்கையோடு வந்து சேரும். அந்தக் காற்றைக் கொண்டு இன்று ஆலைகள் சுழல்கின்றன, மின்சாரம் பிறக்கின்றது. வயலுக்கு நீர் மட்டும் வருவதில்லை. ஐப்பசி கார்த்திகையில் கீழ்த்திசையிலிருந்து வரும் சிறுமழையே இந்நாட்டுக்கு ஆதாரம். அதுவும் வருஷந்தோறும் ஒருதன்மைத்தாய்ப் பெய்வதன்று.

இத்தகைய நாட்டில் குடியேறி நிலைத்த நம் முன்னோர் நீரை எங்ஙனம் எண்ணினர், எங்ஙனம் பகுத்தனர், அவர் வழிவந்த நாம் எங்ஙனம் நடந்துகொள்கிறோம் என்பனவற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும். இது பெருமை பேசுதற்கு எழுதப்பட்டதன்று. கணக்குப் பார்ப்பதற்கு எழுதப்பட்டது.

மழை குறைந்த நாட்டில் வாழ்வோர் முதலிற் கற்பது ஆசையை அளவுபடுத்துதல். நம் முன்னோர் நிலம் முழுவதையும் உழுதாரல்லர். ஒரு பகுதியைக் கொறங்காடாக விட்டு, கிளுவை வேலி கட்டி, வெள்வேல மரம் வளர்த்து, கொழுக்கட்டைப் புல்லில் மாடும் ஆடும் மேய்த்தனர். காங்கேயம் மாடு அந்தப் புல்லில் வளர்ந்த செல்வமே. மானாவாரியிற் சோளமும் கம்பும் கொள்ளும் விளைந்தன. கிணறு உள்ள தோட்டத்தில் மட்டும் கவலை ஓட்டி நீர் இறைத்தனர். இரண்டு எருதுகள் ஒருநாள் முழுதும் முன்னும் பின்னும் நடந்தால் எவ்வளவு நீர் மேலேறுமோ அவ்வளவே பாசனம். எருது களைத்தால் இறைப்பு நிற்கும், கிணறும் ஊறிக்கொள்ளும். எருதின் களைப்பே அக்காலத்தில் நிலத்தடி நீருக்குக் காவலாய் நின்றது. அந்த ஏற்றத்தில் நம் கை மட்டும் இருந்ததில்லை. தோற்சால் தைத்துத் தந்தவர், கிணறு வெட்டியவர், உருளை செய்த தச்சர், கொழுவடித்த கொல்லர் ஆகிய பல குலத்தாரின் உழைப்பும் அதில் இருந்தது. தோட்டத்து நீர் நமது என்று சொல்லும்போது இதனை மறத்தல் தகாது.

அளவோடு வாழ்ந்தும் பஞ்சம் வராமலில்லை. 1876 முதல் 1878 வரையில் தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் கோயமுத்தூர் ஜில்லாவையும் விட்டுவைக்கவில்லை. தனித்தனிக் கிணறு ஒருவனை ஒரு கோடைக்குக் காக்கும். மழை தொடர்ந்து பொய்த்தாற் காவாது என்பதை அந்தப் பஞ்சம் கற்பித்தது.

பிறகு 1932-ஆம் வருஷத்திற் பைக்காரா மின்சாரம் நம் நாட்டுக்கு வந்தது. ஆலைகள் எழுந்தன, தோட்டங்களிற் பம்பு செட்டுகள் ஓடின. எருது ஓய்ந்தது, ஆனால் மோட்டாருக்குக் களைப்பு என்பது இல்லை. கிணறு ஆழமாயிற்று, கிணற்றுக்குள்ளே துளையிட்டனர், பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. ஒருவன் பத்தடி இறக்கினால் அடுத்த தோட்டத்தான் இருபதடி இறக்க வேண்டியதாயிற்று. அண்ணனும் தம்பியும் ஒரே ஊற்றை இரு துளைகளால் உறிஞ்சி, இருவரும் கடன்பட்ட கதைகளை நம்மிற் கேளாதார் இல்லை. ஒவ்வொருவனும் தன் மட்டில் மிகுந்த முன்யோசனையோடு நடந்தான். எல்லோருடைய முன்யோசனையும் கூடி நாட்டுக்கு முன்யோசனை இன்மையாய் முடிந்தது. ஆகவே நீர் விஷயத்தில் தனி ஒருவன் திட்டம் போதாது. நாடு கூடித் திட்டமிடல் வேண்டும். அதற்கும் நமக்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு.

பவானி நதி காவிரியோடு கலக்குமிடத்திற்கு அருகே அணை கட்டி, அங்கிருந்து ஈரோடு வழியாகக் கொடுமுடிப் பக்கம் வரையிற் கால்வாய் கொண்டுவந்தவர் காலிங்கராயர். கொங்குப் பாண்டியர் ஆட்சியில் உயர்ந்த அதிகாரம் வகித்த அவர், கி.பி. 1283-ஆம் வருஷத்தில் அப்பணியை முடித்தாரென்று வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. கால்வாயின் நீளம் 56 மைல். நேர்வழியிற் சென்றிருந்தால் இவ்வளவு நீளம் வேண்டியதில்லை. நிலத்தின் சாய்வறிந்து, மேட்டை விலக்கி, வளைந்து வளைந்து சென்றதனால், நீர் மெல்ல நடந்து இருமருங்கும் மிகுதியான வயல்களுக்குப் பாய்கின்றது. இன்றும் 15,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதனாற் பயிராகின்றது. எழுநூறு ஆண்டு கடந்தும் உழைக்கும் திட்டத்தை நெடுங்காலத் திட்டம் என்றழைக்காமல் வேறெதனை அழைப்பது?

காலிங்கராயர் நம் குலத்தவர் என்று நாம் பெருமை கொள்கிறோம், மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் அவரைப் பற்றிய செவிவழிச் செய்திகளில் மிகவும் உயர்ந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. தன் நிலத்துக்கும் தன் இனத்தாருக்கும் நன்மை செய்துகொள்ளவே இக்கால்வாய் வெட்டினான் என்ற சொல் எழலாகாதெனக் கருதி, தானும் தன் வமிசத்தாரும் அந்நீரைப் பயன்கொள்வதில்லை எனச் சபதம் செய்து, வெள்ளோட்டுப் பக்கத்தை விட்டகன்று, பொள்ளாச்சிப் பக்கத்து ஊற்றுக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்பதே அச்செய்தி. நீரைப் பகிர்ந்தளிப்பவன் தன் வாய்மடையை முதலில் திறக்கலாகாது என்னும் நீதியை நம் ஜனங்கள் எவ்வளவு உயர்வாக மதித்தனர் என்பதற்கு அக்கதையே சாட்சி.

நிற்க. காலிங்கராயர் கால்வாயால் நம் குண்டடத்து மேட்டு நிலத்துக்குப் பயனில்லை. அமராவதியின் ராஜவாய்க்கால்கள் தாராபுரத்துப் பள்ளத்தை நெடுங்காலமாக வளப்படுத்தி வந்தன. 1957-ஆம் வருஷத்தில் அமராவதி அணை எழுந்தபின் அப்பாசனம் மேலும் உறுதிப்பட்டது. ஆயினும் ஆற்றங்கரை நிலமே அதனாற் பயனடைந்தது. மேட்டுநாட்டுக்கு நீர் வேண்டுமானால், மலைக்கு அப்பால் மேற்கே ஓடும் ஆறுகளைக் கிழக்கே திருப்பியாக வேண்டும். அதுவே பரம்பிக்குளம் ஆழியாறு திட்டமாகும்.

இத்திட்டத்துக்காக வேட்டைக்காரன்புதூர் வி.கே. பழனிசாமிக் கவுண்டர் அவர்கள் உழைத்த உழைப்பு என்றும் நினைக்கத்தக்கது. மந்திரியாயிருந்த சி. சுப்பிரமணியம் அவர்களும், பொள்ளாச்சி நா. மகாலிங்கம் அவர்களும் அதற்குத் துணைநின்றனர். முதலமைச்சர் காமராஜர் ஆட்சியில் திட்டம் உருப்பெற்றது. 1961-ஆம் வருஷம் அக்டோபர் 7-ஆம் தேதி பிரதம மந்திரி ஜவஹர்லால் நேரு அவர்கள் அதனைத் தொடங்கிவைத்தார்கள்.

அதன் அமைப்பை நம் வீட்டுப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளல் நன்று. நீராற்று வெள்ளம் மலையைக் குடைந்த சுரங்கவழியே சோலையாற்று அணைக்கு வருகின்றது. அங்கிருந்து பரம்பிக்குளம் அணைக்கும், அதனினின்று சுரங்கவழியே தூணக்கடவுக்கும் செல்கின்றது. பெருவாரிப்பள்ளத்து நீரும் அங்கே சேரும். பின்பு சர்க்கார்பதியில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, மலையடிவாரத்தை ஒட்டி 49 கிலோமீட்டர் தூரம் செல்லும் கால்வாயிற் பாய்ந்து, உடுமலைக்கருகே திருமூர்த்தி அணையை அடைகின்றது. அங்கிருந்து புறப்படும் பிரதான கால்வாயும் கிளைகளும் உடுமலை, பல்லடம், தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில் பக்கங்களுக்கு நீர் கொண்டு செல்கின்றன. ஒரு மழைத்துளி நீராற்றிலிருந்து நம் வயலுக்கு வருமுன் எத்தனை மலையைக் கடக்கின்றது, எத்தனை கதவைத் தாண்டுகின்றது என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு வாளி நீரை வீணாக்கவும் மனம் வராது.

பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் கேரள எல்லைக்குள் உள்ளன. அவற்றைப் பராமரித்து நடத்துவது தமிழ்நாடு. 1956-ஆம் வருஷத்தில் மொழிவழி ராஜ்யங்கள் பிரிந்தபின், இரு ராஜ்யங்களும் பேசி ஒத்துக்கொண்டாலன்றி இத்திட்டம் நடவாது. அவ்வாறு பேசியதன் பயனான ஒப்பந்தம் 1970-ஆம் வருஷம் மே 29-ஆம் தேதி கையெழுத்தாயிற்று. 1958-ஆம் வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி முதலே அது நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. மணக்கடவில் வருஷந்தோறும் 7.25 டி.எம்.சி. நீரும், கேரளச் சோலையாற்றுக்கு 12.3 டி.எம்.சி. நீரும் நாம் கொடுத்தல் வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. நாம் பெறுவதற்கு அயலாருக்குக் கொடுப்பதே நிபந்தனை என்பதை இது காட்டுகின்றது.

அவ்வொப்பந்தத்தில் முன்யோசனையுள்ள விதி ஒன்றும் உண்டு. முப்பது ஆண்டு கழித்து இரு தரப்பாரும் அதனை மறுபரிசீலனை செய்யலாம் என்பதே அது. 1988-ஆம் வருஷத்தில் அந்தக் காலம் வந்தது, போயிற்று. மறுபரிசீலனை முடிவு பெறவில்லை. ஆனைமலையாற்று நீரை எடுத்தற்குக் கேரளம் இடமலையாற்று அணையை முடித்தல் வேண்டுமென்று ஏற்பாடு இருந்தது. இடமலையாற்று அணை 1985-ஆம் வருஷத்தில் எழுந்தது. ஆனைமலையாறு நல்லாறு திட்டமோ இன்னும் காகிதத்திலேயே இருக்கின்றது. 2019-ஆம் வருஷம் செப்டம்பரில் இரு மாநில முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்திற் கூடிப் பேசினார்கள், குழுக்களும் அமைந்தன. திட்டத்தை எழுதுவது ஒரு தலைமுறையின் வேலை; அதிற் குறித்த தேதியை நினைவில் வைத்துக்கொள்வது அடுத்த தலைமுறையின் வேலை. முன்னவர் தம் வேலையைச் செய்தனர். நாம் நம் வேலையைச் செய்தோமா?

இனி வயற்புறம் வருவோம். காலம் செல்லச் செல்லப் பாசனப் பரப்பு விரிந்தது. திருமூர்த்தி நீர்வழியில் மட்டும் இன்று 3.77 லட்சம் ஏக்கர் கணக்கில் உள்ளது. நீரோ அவ்வாறு விரியவில்லை. ஆகவே நிலத்தை நான்கு மண்டலங்களாக, ஒவ்வொன்றும் சுமார் 94,000 ஏக்கராக, வகுத்து முறைவைத்து நீர் விடுகின்றனர். ஒரு மண்டலத்துக்கு முறை வந்து போனால், அடுத்த முறை வர இரண்டு வருஷம் ஆகின்றது. பரப்பை விரித்தது பலருக்கு நன்மை செய்யும் எண்ணத்தினாலேயே. அதனைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் நீர், அந்த ஒருமுறையும் கடைமடையை எட்டாவிட்டால், அந்தக் கடைமடைக்காரன் நான்கு வருஷம் வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். நான்கு வருஷத்தில் தென்னை பட்டுப்போகும், மாடு விலைபோகும், பிள்ளைகள் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். தென்னையையும் மாட்டையும் திரும்பப் பெறலாம். ஊரைவிட்டுச் சென்ற பிள்ளையை வயலுக்குத் திரும்பப் பெறுதல் அரிது.

குண்டடத்துக்குப் பக்கத்திலுள்ள உப்பாறு அணையின் நிலைமை இதற்கு நல்ல உதாரணம். 6,000 ஏக்கருக்குச் சற்று மிகுந்த பாசனத்துக்கென அமைந்த அந்த அணை, தன் ஓடையில் வரும் மழைவெள்ளத்தையும், மேலேயுள்ள பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தின் கசிவையும், அக்கால்வாயினின்று அரசூர் மதகு வழியே திறந்துவிடும் நீரையும் நம்பி நிற்கின்றது. மேலே வாய்க்காலுக்குப் பூச்சு வேலை செய்தால் நீர் வீணாகாது. ஆனால் கசிவும் குறையும். மேலுள்ளவனுக்குச் சேமிப்பானது கீழுள்ளவனுக்கு வரவுக்குறைவாகின்றது. இதனாலேயே உப்பாற்று விவசாயிகள் வருஷந்தோறும் மனுவும் கையுமாக நீர் கேட்டு நிற்கும்படி நேர்கின்றது. ஒரு மூலையிற் செய்யும் சீர்திருத்தம் மற்றொரு மூலையை எவ்வாறு தொடும் என்பதை முன்பே கணக்கிட்டு ஈடுசெய்வதே திட்டம் என்பதன் பொருள். அக்கணக்கு இல்லாதது வெறும் கட்டட வேலையே.

கணக்குத் தவறியதால் விளைந்த கேடுகளை வேறு இடங்களிலும் கண்டோம். நொய்யலில் 1992-ஆம் வருஷத்தில் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடித்தனர். அணையின் உயரத்தையும் பாசனப் பரப்பையும் கணக்கிட்டவர்கள், மேலே திருப்பூரிற் பெருகிவந்த சாயப்பட்டறைகளின் கழிவையும் கணக்கிற் சேர்க்கவில்லை. அணையில் உப்பும் சாயமும் தேங்கின. பாசனத்துக்காக எழுந்த அணையைத் திறக்கலாகாது என்று விவசாயிகளே முறையிடும் நிலை வந்தது. 2011-ஆம் வருஷம் ஜனவரியிற் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபின்னரே, கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாது சுத்திகரிக்கும் முறை உறுதிப்பட்டது. பட்டறை வைத்தவரும் நம்மவர்; பாழான வயலுக்கு உடையவரும் நம்மவர். இலாபம் ஒரு வீட்டுக்கும் நஷ்டம் மற்றொரு வீட்டுக்கும் போயிற்று.

மற்றொன்று: 2022-ஆம் வருஷம் செப்டம்பர் 21-ஆம் தேதி பரம்பிக்குளம் அணையின் நடுக்கதவு, எடைக்கல்லின் சங்கிலி அறுந்து, பெயர்ந்து போயிற்று. சுமார் 6 டி.எம்.சி. நீர் ஆற்றில் ஓடி மறைந்தது. அணை கட்டும்போது அடிக்கல்லும் மாலையும் உண்டு. சங்கிலிக்கு எண்ணெய் போடுபவனுக்கு மாலை இல்லை. ஆயினும் அணையைக் காப்பவன் அவனே.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. அறுபது ஆண்டுக்கு மேலாக நம் ஜனங்கள் கேட்டுவந்த அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு 17-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பவானியில் வருஷத்துக்கு 1.5 டி.எம்.சி. உபரி நீரை எடுத்து, 1,045 குளங் குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம். அந்நீரை எடுக்குமிடம் காலிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறம். எழுநூறு ஆண்டுக்கு முன் ஒருவர் தேர்ந்த இடத்தின் அருகிலேயே இன்றைய இஞ்சினீயர்களும் வந்து நின்றார்கள் என்பது நினைக்கத்தக்கது. குளங்கள் நிரம்பினாற் கிணறுகள் ஊறும். குளத்தை மேடாக்கி ஆக்கிரமித்தால் குழாயில் வரும் நீருக்கு நிற்க இடம் இராது. சர்க்கார் குழாய் வரைக்கும் கொண்டுவரும். குளத்தைக் காப்பது ஊரார் பொறுப்பு.

நீர்முறை காப்பதை ஊரார் தாமே செய்ய இயலுமா என்று சிலர் ஐயுறலாம். ஐரோப்பாக் கண்டத்தில் ஸ்பெயின் தேசத்து வலென்சியா நகரில் விவசாயிகளே நடத்தும் நீர் நியாய சபை ஒன்று பல நூற்றாண்டுகளாக நடந்து வருகின்றது. வியாழக்கிழமைதோறும் நண்பகலிற் பெரிய தேவாலயத்தின் வாயிலில், வாய்க்காலுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விவசாயிகள் கூடுகின்றனர். வழக்கை வாய்மொழியாகக் கேட்டு அங்கேயே தீர்ப்புச் சொல்கின்றனர். எந்த வாய்க்காலின் மீது வழக்கோ, அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பிற் கலந்துகொள்வதில்லை. காலிங்கராயர் கதையிற் கண்ட அதே நீதியை அங்கே விதியாக வைத்திருக்கின்றனர். நமது நாட்டிலும் 2000-ஆம் வருஷத்துச் சட்டப்படி பாசன விவசாயிகள் தாமே சங்கம் அமைத்து, தேர்தல் நடத்தி, நீர்ப் பங்கீட்டைக் கவனிக்க இடமுண்டு. சட்டம் இருக்கின்றது, அதனை நடத்தும் மனமே வேண்டும்.

ஆதலின் சங்கத்து அன்பர்களே, கசப்பான ஒன்றைச் சொல்லித் தீரவேண்டும். கால்வாய்க் கரையிற் குழாய் புதைத்து இரவில் நீர் எடுப்பவர் யார்? மதகுக் கதவை முறையில்லா நாளில் உயர்த்துபவர் யார்? எல்லாரும் அயலாரென்று சொல்ல நம்மால் இயலாது. தலைமடையில் மாமன் இருக்கிறார். கடைமடையில் மச்சான் இருக்கிறார். கல்யாணத்தில் இருவரும் ஒரே பந்தியில் உண்கிறோம்; வாய்க்காலில் மட்டும் ஒருவர் உண்ட பிறகு மற்றவர் இலைக்கு ஒன்றும் வருவதில்லை. அந்தக் கடைமடையில் நம் குலத்தார் மட்டுமா உள்ளனர்? எல்லாக் குலத்து ஏழை விவசாயியும், நிலமில்லாமற் கூலிக்கு நிற்பவனும் அங்கே இருக்கிறான். முறை தவறும்போது முதலில் வேலையிழப்பவன் அவனே.

குண்டடத்து வடுகநாதர் கோயிற் கதை நாமறிந்ததே. மிளகு மூட்டையை ஒளித்துப் பயறு என்று பொய்யுரைத்த வணிகனுக்கு, மூட்டையைத் திறந்தபோது பயறே இருந்தது. நீரை எடுத்துக்கொண்டு எடுக்கவில்லை என்று கணக்குச் சொன்னால், ஒருநாள் அக்கணக்கே மெய்யாகி, எடுப்பதற்கு நீர் இல்லாமற்போகும்.

ஆகவே நமது சங்கம் செய்யத்தக்கன சில உள. முறையில்லா நீர் எடுப்பவர் எவராயினும், நம் சங்கத்து நிர்வாகியாயினும், அவருக்காகப் பரிந்துபேசப் போவதில்லை என்று தீர்மானம் செய்தல் வேண்டும். பாசன சங்கத் தேர்தலில் உறவு பாராது, வாய்க்காலைக் கடைசி மதகுவரை நடந்து பார்ப்பவரைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஊர்தோறும் மழையளவும் கிணற்று நீர்மட்டமும் மாதந்தோறும் குறித்துவைக்க நம் பள்ளிப் பிள்ளைகளைப் பழக்குதல் வேண்டும். ஒப்பந்தத்தின் மறுபரிசீலனையையும் ஆனைமலையாறு நல்லாறு திட்டத்தையும் எந்தக் கட்சி ஆட்சியிலிருந்தாலும் விடாது நினைவூட்டுதல் வேண்டும். இவை பெரிய செலவுள்ள காரியங்களல்ல.

காலிங்கராயர் பெயரைச் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையுண்டோ இல்லையோ என்பதை ரத்த வழியால் மட்டும் தீர்மானித்தல் இயலாது. அடுத்த முறை நீர் திறக்கும் நாளில், தன் வயலுக்குரிய நேரம் முடிந்ததும் தானே சென்று மதகை அடைத்துவிட்டு, கீழ்வயற்காரனை எழுப்பிச் சொல்பவன் எவனோ, அவனே காலிங்கராயரின் வமிசத்தவன்.

சுபம்.